பதினெட்டு டிகிரி

கடிதம் டைப் அடித்துத் தயாராக வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தார் துறைத்தலைவர். ‘எனது கவனக்குறைவால் உப்புக் கரைசல்கள் தவறாகத் தயாரிக்கப்பட்டன.’ எழுதியது அவர், கவனக்குறைவு மட்டும் துளியக்காவுடையதாம். என்ன நியாயமோ!

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கரைசல் தயாரித்துக் கொடுப்பவள் துளியக்கா. பியூரெட் குழாயில் கடைசித் துளிவரை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். பெர்சல்பேட், அயோடைடு என்று இரண்டு கரைசல்கள். இவற்றோடு ஸ்டார்ச்சும் இன்னொரு மருந்தும் சேர்த்துக் கலந்தால், கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் மாதிரி நின்றுவிட்டுச் சட்டென்று நீலமாகும். சீக்கிரம் நீலமானால் வினை வேகமாக நடக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் வினைபுரியும் அயனிகள் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டம் கொண்டவை, கிட்டே வந்தால் தள்ளிக்கொள்ளும். கூடவே வேறொரு உப்பைக் கரைத்துவிட்டால் அந்தத் தள்ளல் அடங்கும், வினை வேகமெடுக்கும். இது பழைய சங்கதி. தலைவர் புதிதாகச் சொன்னது, ஓரளவுக்கு மேல் உப்பைக் கூட்டினாலும் வேகம் கூடாது, வரைபடத்தில் கோடு வளைந்துவிடும் என்பது. அந்த வளைவை வைத்துத்தான் கட்டுரை போட்டார், பரிசு வாங்கினார், அதைச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டினார். போன வாரம் வேறோர் ஆய்வகத்திலிருந்து தபால் வந்தது. நாங்களும் செய்து பார்த்தோம், கோடு வளையவில்லை, நேராக ஏறுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

தப்பு நடந்தாயிற்று, தலையில் கட்ட ஓர் ஆள் வேண்டாமா?

“போட்டுக் குடுத்துடும்மா, சின்ன விஷயம்தான். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்” என்றார் தலைவர்.

“போடலைன்னா சார்?”

“அப்புறம் நான் பாத்துக்க முடியாது. நாளைக்குப் பதினொரு மணிக்கு முதல்வர் ரூம்ல மீட்டிங்.”

வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற வசதி துளியக்காவுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு தராசு முன்னால் போய் உட்காருவது?

காலையில் வீட்டுக்காரர் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார். பஸ் ஓட்டுகிற மனுஷன், எப்போதும் அவசரம். “ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலையேன். எதுக்கு வீண் வம்பு?”

“சரி, நீங்க ஒரு பஸ்ஸை இடிச்சுட்டேன்னு இன்னைக்கு டெப்போவுல எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

“இடிக்காத பஸ்ஸுக்கு நான் எதுக்குடி எழுதணும்?”

அவர் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, “போடாதே” என்றார்.

பதினொரு மணிக்கு அவள் முதல்வர் அறைக்குள் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு கையில் தட்டு, அதில் பிளாஸ்குகளும் உப்பும். இன்னொரு கையில் ஓரம் கறுத்த நீள நோட்டு, அதற்குள் கையெழுத்துப் போடாத கடிதம். முதல்வர் அம்மா சரித்திரம் படித்தவர். தட்டைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“இது என்னம்மா?” என்று சிடுசிடுத்தார் தலைவர். “லெட்டர் எங்க?”

“வரும் சார். மேடம், நான் எந்தக் கரைசலையும் மீட்டர்ல பாக்காம வெளிய குடுக்க மாட்டேன். உப்பு கூடுனா கரண்ட் அதிகமா ஓடும், மீட்டர் காட்டிக் குடுத்துடும். சாருக்குக் குடுத்த நாப்பத்தோரு பிளாஸ்கும், குடுக்கறப்போ இருந்த டிகிரியோட, இந்த நோட்டுல இருக்கு. ஒண்ணுலகூட உப்பு தப்பில்ல.”

“அப்போ தப்பு எங்கதான்?” என்று கேட்டார் முதல்வர்.

“சொன்னாப் புரியாது மேடம். தொட்டுப் பாருங்க.”

அவள் உப்பைப் பிளாஸ்கில் கொட்டினாள், தண்ணீர் விட்டாள், நன்றாகக் குலுக்கி நீட்டினாள். வாங்கிய முதல்வருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அய்யய்யோ, ஜில்லுன்னு இருக்கே! ஐஸ் போட்டீங்களா?”

“இந்த உப்பு கரையறப்போ சூட்டை உறிஞ்சிக்கும். நிறையப் போட்டா நிறைய உறிஞ்சும். கொஞ்ச நேரம் ஒரே சூட்டுல வச்சிருக்கிற தொட்டித் தண்ணியில உக்கார வச்சுட்டு எடுக்கணும். சாருக்குப் பொறுமை இல்ல. கரைச்ச உடனே வேணும்பாரு. தெர்மாமீட்டர் தொட்டியிலதான் கெடந்துச்சு. தொட்டி இருபத்தஞ்சு டிகிரி, உப்பு நிறையப் போட்ட பிளாஸ்க் பதினெட்டு. குளிருல எந்த வினைதான் ஓடும்? உப்பு முன்னால தள்ளுது, குளிர் பின்னால இழுக்குது. அதான் கோடு வளைஞ்சுது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!” என்றார் தலைவர்.

துளியக்காவுக்கு அந்த இடத்தில்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “சொன்னேன் சார். குளிருது சார், கொஞ்சம் இருங்கன்னு சொன்னேன். இது என்ன குளிக்கிற தண்ணியா, கை வச்சுப் பாக்கன்னு கேட்டீங்க. அங்க இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் விடவில்லை. காலையிலேயே கரைத்து வைத்து, இருபத்தைந்து டிகிரிக்கு வந்துவிட்ட இன்னொரு பிளாஸ்கையும் கொண்டு வந்திருந்தாள். அதே உப்பு, அதே எடை. இரண்டிலும் ஒரே நேரத்தில் மற்றக் கரைசல்களை ஊற்றினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து டிகிரியில் இருந்தது குப்பென்று நீலமானது. குளிர்ந்தது ஒன்றும் அறியாத மாதிரி தெளிவாக நின்றது. அது நீலமாக இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசியில் தலைவர் நோட்டுக்குள்ளிருந்து கடிதத்தை இழுத்து மடித்தார். “சரி, இது வேண்டாம். கவனக்குறைவு நேர்ந்ததுன்னு மட்டும் பொதுவா எழுதிடுவோம். யார் பேரும் வேண்டாம். எல்லாருக்கும் நல்லது.”

முதல்வர் நிம்மதியாகத் தலையாட்டினார். வேலை தப்பித்தது. துளியக்கா அத்தோடு வெளியே போயிருக்கலாம். வீட்டுக்காரர்கூடப் போதும் என்றிருப்பார்.

“எனக்கு நல்லதில்ல சார். பேரு போடாம எழுதினா படிக்கிறவங்க யாரை நெனப்பாங்க? பேராசிரியரையா? பிளாஸ்க் கழுவுறவளைத்தான் நெனப்பாங்க. உங்க பேரு போட்டு எழுதுங்க.”

“நீ யார்கிட்ட பேசறே தெரியுமா?”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் பேசறேன்.”

தலைவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் இன்னும் ஈரமாக இருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். தன் பெயரை எழுதினார். ‘கரைசல்களின் வெப்பநிலையை நான் அளக்கவில்லை’ என்று எழுதினார். அப்புறம் பேனா நின்றுவிட்டது. எழுத அவரிடம் அளவு எதுவும் இல்லை. நாற்பத்தோரு அளவும் அவளிடம்தான் இருந்தன.

“அந்த வெப்பநிலை எல்லாம்...” என்று இழுத்தார்.

துளியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அறையில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள்.

“எழுதிக்கோங்க சார். முதல் பிளாஸ்க், இருபத்து நாலு.”