துலோ சொல்லாத மச்சான்

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். "ஆமாம்" என்ற பொத்தானை அமுக்கினேன்.

எங்கள் தீவில் யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வதில்லை. படகு கேட்டாலும் சரி, பன்றி கேட்டாலும் சரி, முதலில் ஆமாம். எப்படித் தப்பிப்பது என்பதெல்லாம் அப்புறம். பள்ளிக்கூடத்து மடிக்கணினி அன்று சாயங்காலம் என்னிடம், "புதுப்பிப்பை இப்போதே முடித்துவிடட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டது. வாத்தியார் நான். அதுவும் துக்கத்தில் இருக்கிறவன். மரியாதையாகக் கேட்கிற ஒன்றிடம் எப்படி இல்லை என்பது? அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அது புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று எழுந்தது. வைஃபை மட்டும் செத்துப் போயிருந்தது.

சீ, அப்படிச் சொல்லக்கூடாது. செத்துப் போனவன் இலைதியா. என் அத்தை மகன். என் தங்கை தோரிகாவைக் கட்டிக்கொண்டவன். இரண்டு வழியிலும் மச்சான். முந்தின நாள் விடியற்காலை, வலையை மடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, எபெலி. ராணுவத்தில், சினாய்ப் பாலைவனத்தில் அமைதிப் படைக் காவலில் இருக்கிறான். தலைநகர் சுவாவுக்கு வரவே மூன்று நாள். அங்கிருந்து எங்கள் தீவுக்குக் கப்பல் மாதம் ஒரு முறை. வர வழியில்லை. குன்று உச்சியில் ஏறினால் கைபேசியில் பேசலாம், படம் வராது. அங்கே நின்றுகொண்டு அவனிடம் சொன்னேன். அடக்கம் எப்போது என்று கேட்டான். பிறகு, "மாமா, பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அப்பா முகத்தக் காட்டுங்க. நாளைக்கு நம்மூர் நேரம் ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் எனக்கு விட்டிருக்காங்க. அப்புறம் ரோந்துக்குப் போயிருவேன்" என்றான்.

"காட்டுறேன்டா" என்றேன். அதற்கும் ஆமாம்தான்.

மூன்று மணிக்குப் போதகர் ஜெபம் சொல்லிச் சவப்பெட்டியை மூடிவிட வேண்டும். நாலு மணிக்குள் பவளப்பாறைக்கு நடுவே இருக்கும் வழியில் தண்ணீர் வற்றிவிடும், அவர் படகு அதற்குள் வெளியேற வேண்டும். கடலிடம் பேரம் பேச முடியாது. ஆக எனக்கு இருந்தது ஒரு மணி நேரம்.

இரண்டுக்கு இலைதியாவின் வீட்டில் உட்கார்ந்தேன். தீவிலேயே இணையம் இருக்கிற வீடு அது ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் எபெலி விடுப்பில் வந்தபோது கூரைமேல் தட்டு வைத்து, உள்ளே வைஃபைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் நான் மடிக்கணினியோடு அங்கே போய்ப் பள்ளி வருகைப் பதிவை அனுப்புவேன். அதிலேயே அவர்கள் பிள்ளையோடு பேசுவார்கள். இலைதியாவுக்கும் ஒரு கைபேசி இருந்தது. போன மழைக்காலத்தில் அதுவும் அவனும் சேர்ந்து படகிலிருந்து கடலில் விழுந்தார்கள். அவன் மட்டும் கரையேறினான்.

இப்போது அவன் வீட்டின் மேல்பக்கம், பெரியவர்கள் உட்காரும் கோடியில், தாழம்பாய்கள் அடுக்கின மேட்டில், வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தான். சுற்றிலும் பெண்கள். கீழ்ப்பக்கம், வாசலோரம், ஆண்கள் கவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தார்கள், குடிக்க. நடுவில் நான், மடியில் அந்த மெஷின்.

வைஃபை குறி இருக்க வேண்டிய மூலையில் ஒன்றுமே இல்லை. விமானப் பயண முறை தவறிப்போய்ப் போட்டிருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பக்கவாட்டில் பொத்தான் கித்தான் இருக்கிறதா என்று தடவினேன்.

"என்ன மச்சான், அதுக்கும் நாடி பாக்குறியா?" என்றார் வைசாலே. இலைதியாவின் அண்ணன். துக்க வீட்டிலும் மச்சான் முறைக்காரர்கள் சீண்டிக்கொள்வது எங்களுக்குள் உண்டு. சீண்டாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள்.

"நீங்க கவாவக் கலக்குங்க. கலங்கிப்போன மூளைய நான் பாத்துக்கிறேன்."

"எது, உன்னோடதா அதோடதா?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மணி இரண்டேகால்.

கணினிக்குள் இருக்கிற சாமான்களின் பட்டியலைத் திறந்தேன். சுவாவில் நடந்த பயிற்சியில் பாதி தூங்கினாலும் இது ஞாபகம் இருந்தது. வைஃபைக்கு எதிரே மஞ்சள் முக்கோணம். ஒவ்வொரு சாமானையும் ஓட்ட உள்ளே ஒரு டிரைவர் உண்டு, ஆளில்லை, ஒரு நிரல். புதுப்பிப்பு பழைய டிரைவரை இறக்கிவிட்டுப் புதியவனை ஏற்றியிருந்தது. புதியவனுக்கு எங்கள் கிழட்டு வண்டியை ஓட்டத் தெரியவில்லை. "பழைய டிரைவருக்கே திரும்பு" என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். ஏன் திரும்புகிறாய் என்று காரணம் கேட்டது. என் தங்கச்சி மகன் அப்பன் முகத்தைப் பார்க்கணும் என்று எழுத இடமில்லை. "வேறு காரணம்" என்பதைத் தொட்டேன்.

அணைந்து எழுந்தது. மூலையில் குறி வந்தது. கீழே ஒரே ஒரு பெயர்: இலைதியா. அவன் வீட்டு இணையத்துக்கு அவன் பெயரையேதான் வைத்திருந்தான்.

"வந்துருச்சு!" என்றேன். பெண்கள் பக்கம் யாரோ "கர்த்தாவே" என்றார்கள்.

பெயரைத் தொட்டேன். கடவுச்சொல் கேட்டது.

பாவி மெஷின், புதுசானதில் பழைய ஞாபகத்தையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஊர்ப் பயல்களுக்குச் சொன்னால் வாசலில் பாய் விரித்துப் படுத்துவிடுவான்கள் என்று இலைதியா ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணினியில்கூட அன்றைக்கு அவனேதான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக் கொடுத்தான். தட்டும்போது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"எதுக்குடா சிரிக்கிறே?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ வாத்தி வேலையப் பாரு."

அவன் படகின் பெயரைப் போட்டேன். தவறு. எபெலி பிறந்த தேதி. தவறு. ரக்பி அணி, செத்துப்போன நாய். தவறு, தவறு. மணி இரண்டரை தாண்டிவிட்டது. குன்றேறி எபெலியையே கேட்கலாமா என்றால் ஏற மட்டும் முக்கால் மணி நேரம்.

அப்போது தோரிகா பேசினாள். என்னிடம் இல்லை, சுவரிடம். வயது வந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை எங்கள் தீவில். நாற்பது வருஷமாக அவள் குரலை நான் பக்கவாட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

"அந்த வார்த்தைய அவரே மாத்தி வச்சாரு. எபெலிக்கும் தெரியாது. மறந்துருவோம்னு தாள்ல எழுதி அந்த வைஃபைப் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்காரு. யாராவது எங்கண்ணங்கிட்ட சொல்லுங்க."

இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் வைசாலே திரும்பி, "மச்சான், பெட்டிக்கு அடியில இருக்காம்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெட்டி ஒரு பலகைமேல் இருந்தது. பலகை இலைதியாவின் தலைக்கு நேர் மேலே.

ஒருவர் தலைக்கு மேலே கை நீட்டி எதையாவது எடுப்பதானால் குனிந்து "துலோ" என்று சொல்ல வேண்டும். மன்னிக்கணும், உங்க தலைக்கு மேல என் கை போகுது என்று பொருள். மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். நானும் எல்லோரிடமும் சொல்வேன், இலைதியாவைத் தவிர. பதினோரு வயதில் ஈரப்பலா மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் மரமேறி அவன் தலைக்கு மேலே காயைப் பறித்தேன். "துலோ சொல்றா" என்றான். "நீ முதல்ல சொல்லு" என்றேன். ஏன் அவன் சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குப் பிடித்த பிடி. அவன் வீட்டில் நானும் என் வீட்டில் அவனும் எத்தனையோ சாமானை எடுக்காமலே விட்டிருக்கிறோம். ஊரே இதற்குப் பந்தயம் கட்டியது. பலகையை அங்கே அடித்ததுகூட அதற்காகத்தான். "பெட்டிய அணைச்சுப் போடணும்னா என் தலைக்கு மேலதான் கை நீட்டணும். வாத்தியார் வாயிலேருந்து வருதா இல்லையானு பாக்குறேன்" என்று அதன் அடியிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தான்.

"வேற யாராவது எடுங்களேன்" என்றேன்.

"பங்காளிங்க நாங்க, செத்தவன் தலைக்கு மேல கை நீட்டக்கூடாது. மச்சான் நீ, முறை உனக்குத்தான்" என்றார் வைசாலே. இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

எழுந்தேன். போனேன். அவன் தலைமாட்டில் நின்றேன். வாய் வரவில்லை. அறுபத்தொரு வயதுக் கிழவன், மணி ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பாலைவனத்தில் காத்துக்கொண்டிருக்கிறான், நான் ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். வீம்பு என்று நினைத்தார்கள். வீம்பு இல்லை. சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்தது. அதுதான் முடியவில்லை.

"அண்ணா."

தோரிகா நேராக என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள். சிறுபிள்ளையில் கூப்பிட்டதற்குப் பிறகு இப்போதுதான்.

"அண்ணா, எம்புள்ள பாக்கணும்."

குனிந்தேன். "துலோ" என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றேன். பழக்கதோஷம். பதிலுக்கு ஏதாவது ஏளனம் வரும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. கையை நீட்டிப் பெட்டியைத் திருப்பினேன்.

நோட்டுத்தாள் துண்டு, அவனுடைய கோணல் எழுத்து. பன்னிரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. இரண்டு முறை படித்த பிறகுதான் பிரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மச்சான் எழுதியிருக்கு?" என்றார் வைசாலே.

எல்லோருக்கும் கேட்கப் படித்தேன். "துலோ சாக்கியூசா."

சாக்கியூசா நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே தோற்றிருக்கிறான் திருட்டுப்பயல். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஒற்றை விரலால், எனக்குத் தெரியாமல் எனக்கே சொல்லிவிட்டு, குலுங்கிச் சிரித்திருக்கிறான். முதலில் தோரிகாதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அது அழுகையாகிவிட்டது. எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. குவித்த கைகளால் மூன்று தடவை தட்டி, கையை நீட்டியதற்கு மரியாதை செய்துவிட்டு, மடிக்கணினிக்குத் திரும்பினேன்.

தட்டினேன். சேர்ந்துகொண்டது.

எபெலி உடனே திரையில் வந்தான். அங்கே இன்னும் விடியவில்லை. பின்னால் ஒரு குழல்விளக்கு, மழித்த தலை, கண் வீங்கியிருந்தது. மணி இரண்டு ஐம்பது. போதகர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

"கிட்டக் கொண்டு போங்க மாமா."

கொண்டுபோனேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "சட்டைக் காலர் மடங்கியிருக்கு" என்றான். தோரிகா நீவிவிட்டாள். "இன்னும் கிட்ட" என்றான். திரையை இலைதியாவின் நெற்றிக்கு ஒட்டிப் பிடித்தேன். இங்கே ஒவ்வொருவரும் குனிந்து நெற்றியில் முத்தமிட்டு விடைகொடுத்த மாதிரி அவனும் குனிந்தான். திரை இருண்டது. பெண்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். நான் கை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

நிமிர்ந்ததும், "நேரமாச்சு மாமா" என்றான். "ஏன் லேட்டு? நீங்க வரலேன்னு பயந்துட்டேன்."

"உங்கப்பன் குறுக்கே படுத்துக்கிட்டான்டா. அவங்கிட்ட துலோ சொல்ல வேண்டியதாப் போச்சு."

"நீங்களா!" என்றான். அழுத முகத்தில் பல் தெரிந்தது. "அப்ப அப்பா ஜெயிச்சுட்டாரா?"

"இல்லடா" என்றேன். "அடுத்த வெள்ளிக்கிழமை வா, சொல்றேன்."

போய்விட்டான். ஜெபம் ஆயிற்று, அவனைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். எல்லோரும் தூக்கிக்கொண்டு வெளியே போக, மடிக்கணினியை எடுத்துவைக்க நான் ஒரு நிமிஷம் பின்தங்கினேன். திரையின் மூலையில் ஒரு கேள்வி காத்துக்கொண்டிருந்தது. மரியாதையாகத்தான் கேட்டது: "இந்தக் கடவுச்சொல்லை உங்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக "வேண்டாம்" என்பதை அமுக்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் நானே சொல்லிக்கொள்கிறேன்.