பளிச்சென்ற செம்புக் கம்பி

அத்தையின் மோட்டார் படகு இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்' சத்தம்கூட இல்லை. மருமகள் ஆலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கே கருவிப் பையோடு படகுத்துறைக்கு வந்துவிட்டாள். மூன்று மணிக்கு அக்கரைச் சுகாதார நிலையத்து டாக்டரம்மா வருகிறார். ஒரு நடை ஏறிப் பார்த்து அவருக்குத் திருப்தியானால், நர்சுகளைத் தினமும் ஏற்றி இறக்கும் வேலை அத்தைக்கு. இல்லாவிட்டால் பக்கத்துப் படகுக்காரனுக்கு. அவன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அதற்குள் இரண்டு முறை 'தற்செயலாக' நடந்துவிட்டான்.

படகுக்கு வயது இருபத்தெட்டு. ஒயரிங்கின் வயது யாருக்கும் தெரியாது. வாங்கியவர்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு ஒயர் இழுத்திருக்கிறார்களே தவிர, பழையதைப் பிடுங்கிப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாவிக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றியதும், ஒரு வாரம் சீவாத தலை மாதிரி எல்லாம் வெளியே வந்து விழுந்தது.

"எவன் செஞ்ச வேலை அத்தை இது?"

வேறு நாளாக இருந்தால் அத்தை அந்த 'எவனை' ஏழு தலைமுறைக்கு இழுத்திருப்பாள். அவள் வாய்க்குத் துறையே பயப்படும். இன்று மேல்பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தாள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைச் சுரண்டினாள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாள். பேட்டரி தெம்பாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பினாள். சத்தமில்லை. ஃபியூஸ் மாட்டுமிடம் துருவேறியிருந்தது, மாற்றினாள். விளக்கு எரிந்தது, அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடியது. இன்ஜின் மட்டும் கல்லுளிமங்கனாக இருந்தது. இன்ஜினில் எர்த் ஒயரை மாட்டும் போல்ட்டைத் தொட்டதும் அது கையோடு ஆடியது. ஒயரின் முனை பச்சையாக அரித்துப்போயிருந்தது. அதை வெட்டி எறிந்து புது முனை போட்டு இறுக்கினாள். அப்போதும் இல்லை.

"போதும், விடு. மத்தியானம் ஆச்சு, சாப்பிடு," என்றாள் அத்தை.

"கண்டுபிடிக்காம எனக்குச் சோறு இறங்காது."

இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் உறுமிக்கொண்டு சுற்றியது. அப்படியென்றால் கோளாறு சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில்தான். இனி அது எங்கே ஓடி ஒளியும்? இடது பக்க இருக்கைகளைக் கழற்றி, சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒற்றை மஞ்சள் ஒயரைச் சாண் சாணாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். முட்டி சிராய்த்தது, முதுகு கெஞ்சியது. மூன்றாவது இருக்கைக்கு அடியில் விரல் நின்றது. ஒயரைச் சுற்றிக் கறுப்பு டேப். புதுசு.

பிரித்தாள். ஒயர் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. அந்தப் படகில் எந்த ஒயரைச் சீவினாலும் செம்பு கறுத்துப் பச்சை பாரித்திருக்கும். இது மட்டும் பளிச்சென்று மின்னியது. வெட்டி இரண்டு மூன்று நாளுக்கு மேல் இருக்காது.

பக்கத்துப் படகுக்காரன்தான் என்று ரத்தம் தலைக்கேறியது. ஸ்பேனரோடு எழுந்தேவிட்டாள். பிறகு டேப்பை மறுபடி பார்த்தாள். வெட்டிய இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக டேப் சுற்றி, அதற்கு மேல் சேர்த்து ஒரு சுற்று. எங்கேயும் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதே என்று படகின் மேல் உயிரை வைத்திருக்கிற யாரோ செய்த வேலை. கெடுக்க வந்தவன் இவ்வளவு பக்குவமாகக் கெடுப்பானா? அத்தையின் மகனான தன் புருஷனோ என்று ஒரு நொடி நினைத்தாள். பல்பு மாற்றச் சொன்னால் நாற்காலியைத் தேடியே அரை நாளை ஓட்டுகிறவன் அவன். மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

"அத்தை, இது துரு இல்ல."

அத்தை திரும்பவில்லை. "தெரியும்."

"ஏன் அத்தை?"

"போன மாசம் படகு நடுத்தண்ணியில நின்னுச்சே, அன்னைக்கு ஏறியிருந்த ஏழு பேரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. கை நடுங்கிப்போச்சு. சாவியை எந்தப் பக்கம் திருப்பணும்னே மறந்துட்டேன். வேற படகு வந்துதானே இழுத்துட்டுப் போச்சு? பயமா இருக்குன்னு சொன்னா உன் புருஷன் மறுநாளே படகை வித்துடுவான். ஒயர் கெட்டுப்போச்சுன்னா யாரு என்ன சொல்லப்போறாங்க?"

மருமகளுக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. வெட்டி எறிந்த எர்த் முனையைத் தேடி எடுத்து அத்தை கையில் வைத்தாள். "அன்னைக்கு நின்னது இது ஆடி, கரண்ட் விட்டுவிட்டு வந்ததால. நீங்க எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்காது."

அத்தை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதை முன்னாடியே பார்க்காம விட்டது யாரு? நான்தானே?"

"ஆமா, நீங்கதான். இனிமே மாசாமாசம் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்." பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு வரவில்லை. வெட்டிய ஒயரின் இரண்டு முனைகளையும் அத்தையின் பக்கம் நீட்டினாள். "இதைச் சேர்க்கிறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. வேணாம்னா, ஒயர் போச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிடுறேன். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

மணி இரண்டே கால்.  அத்தை இறங்கி வந்து, முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"ஒயர் சீவுற கட்டிங் பிளேயரைக் குடு. நான் வெட்டினதை நானே சேர்க்கிறேன்."

மூன்று மணிக்கு டாக்டரம்மா ஏறினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கரையில் இஸ்திரிச் சட்டை வாடிப்போய் நின்றது. மருமகள் பின்னிருக்கையில் உட்கார்ந்து அத்தையின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கை நடுங்கத்தான் செய்தது.

நடுத்தண்ணீர் வந்ததும் அத்தை சாவியை மூடினாள். இன்ஜின் அடங்கியது. காற்று படகை மெல்லப் பக்கவாட்டில் தள்ளியது. எழப்போன மருமகள், அத்தையின் முதுகு நிமிர்ந்திருந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, கெட்டுப்போச்சா?" என்றார் டாக்டரம்மா.

அத்தை திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "இல்லீங்க. இங்க வச்சு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். அதான் நானே நிறுத்தினேன்," என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.