மலைக்குள் ஏது காற்று?

1

இந்தக் கதை பிரஷர் பார்க்கும் மெசினிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எழுதுகிறவள் கல்முனையைச் சேர்ந்த றினோஸா. டியூட்டரி ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறாள். "நான்" என்று எழுதத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் "நான்" என்று தொடங்கும் எதை வாசித்தாலும் அவளுடைய உம்மா, "இது நீங்கதானே மகள்? அப்ப அந்த உம்மா நானா?" என்று கேட்பார். "அவள்" என்று எழுதினால் கேட்கமாட்டார். (கேட்பார். கொஞ்சம் பிந்திக் கேட்பார்.)

முதல் தொடக்கம்: கிழக்குக் கரையில் சூரியன் கடலைக் கிழித்துக்கொண்டு – வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: ஓர் ஊரில் ஓர் உம்மா இருந்தார். அவருடைய அன்புக்கு – இதுவும் வேண்டாம். எழுதும்போதே கண் கலங்குகிறது. எழுதுகிறவள் அழுதால் கதை உம்மாவின் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாம் தொடக்கம்: றினோஸா பையில் உடுப்பு அடுக்கத் தொடங்கினால், உம்மா மெசினைக் கையில் கட்டிக்கொள்வார்.

சரி, இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

"ஒண்ணுமில்ல மகள். நீங்க அடுக்குங்க. நான் சும்மா பாக்கிறன்" என்பார் உம்மா, உம்மு ஹபீபா. மெசின் உஸ்ஸென்று ஊதும். அதன் முகத்தைப் பார்ப்பார். எண்ணைச் சொல்லமாட்டார். பெருமூச்சுடன் அதைக் கழற்றிவைப்பார். அவ்வளவுதான். றினோஸா அடுக்கிய உடுப்பை அவளே திரும்ப அலுமாரிக்குள் வைப்பாள்.

மட்டக்களப்பில் அவளுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. போன முதல் வாரமே உம்மா வாசற்படியில் மயங்கி விழுந்தார். றினோஸா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அன்று பகல் உம்மா இரண்டு கோப்பை புரியாணி சாப்பிட்டார்.*

* மயக்கம் பொய் என்று எழுதுகிறவள் சொல்லவில்லை. மயக்கமும் உண்மை, புரியாணியும் உண்மை. அதுதான் சிக்கல்.

வீட்டில் வாப்பாவும் இருக்கிறார். பெயர் ஆதம்பாவா, ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தின் மேல் எழுதுகிறவளுக்கு நம்பிக்கையில்லை. ஒரு மனுஷன் வீட்டில் இவ்வளவு பேசாமல் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இருப்பார். கடையில் ஆணிக்கும் சீமெந்துக்கும் வாய் ஓயாமல் கதைப்பார். வீட்டுக்கு வந்தால் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

3

வெளியே போக முடியாதவள் மாயக்கதை எழுதினாள். இளையோருக்கான நாவல்.

ஒரு மலை. மலைக்குள் ஒரு நகரம். (கல்முனையில் மலை கிடையாது. அதனால்தான் மலை. "இது எங்கட வீடா?" என்று யாரும் கேட்க முடியாது.) அந்த நகரத்தின் ராணி மர்ஜானா. அவளுடைய நெஞ்சில் ஒரு விளக்கு எரிகிறது, அது அணைந்தால் ராணியின் உயிர் போய்விடும். இளவரசி நூரி மலை வாசலை நெருங்கும்போதெல்லாம் விளக்கு மங்கும். நூரி ஓடித் திரும்பிவருவாள், விளக்கு மறுபடி எரியும்.

மர்ஜானாதான் நாவலிலேயே நல்லவள் என்று நினைத்துக்கொண்டுதான் றினோஸா எழுதினாள். வில்லனுக்கு வேறு ஆள் வைத்திருந்தாள்: கறுப்பு உடுப்பு, சிவப்புக் கண், இடி மாதிரிச் சிரிப்பு.

முதல் வாசகி யசோதினி. அதே டியூட்டரியில் கணக்குப் படிப்பிப்பவள், காரைதீவுக்காரி. மாயக்கதை என்றால் சோறு தண்ணி இல்லாமல் வாசிப்பாள். அவள் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வில்லி சூப்பர் கா." (அந்தப் பக்கம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "கா" போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.)

"வில்லி இல்லயே. வில்லன்தான் இரிக்கான்."

"அவன் கிடக்கட்டும், சிரிக்கத் தெரிஞ்சவன். நான் ராணியச் சொல்றன்."

றினோஸாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராணி என்ன செஞ்சவ? பிள்ளையில உசிரா இரிக்கிறா."

"ஏழாம் அத்தியாயத்துல விளக்கு மங்குது. ஏன் மங்குது? ராணி கையால மூடுறா. நீதானே எழுதியிருக்காய்."

"அது காத்துக்கு மூடுறா."

யசோதினி பிளேன்டீயை மேசையில் வைத்தாள்.

"மலைக்குள்ள ஏது கா காத்து?"

4

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை வந்து நிற்கிறது. வாசலில் நிற்கும் ஆளை விரட்ட முடியாது, இருத்தி அனுப்புவோம்.)

இளையோர் மாயக்கதைகளில் கெட்டவனைக் கண்டுபிடிப்பது சுகமான வேலை. அவன் வரும்போதே புகை வரும். "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவளை எதை வைத்துப் பிடிப்பது? அவள் பூட்டுப் போடுவதில்லை. கதவைத் திறந்தே வைத்திருப்பாள். நீ தாண்டிப் போனால் அவளுக்கு என்னவோ ஆகிவிடும், அவ்வளவுதான். திறந்த கதவுக்கு முன்னால் பல வருடம் இருந்துவிட்டு, நமக்கு வெளியே போக ஆசையே இல்லை என்றும் நினைத்துக்கொள்வோம். யசோதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாளாம்: இந்த அக்கறையால் யாருடைய பயம் குறைகிறது? பிள்ளையுடையதா, தாயுடையதா?

எழுதுகிறவள் அன்று வீட்டுக்குப் போய் ஏழாம் அத்தியாயத்தை வாசித்தாள். ராணியின் வசனம் ஒவ்வொன்றும் உம்மாவின் குரலிலேயே கேட்டது. முதலில் பிரதியைக் கவிழ்த்து வைத்தாள். மறுகா சிரிப்பு வந்தது. மறுகா –

இந்த வசனத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

5

கறுப்பு உடுப்புக்காரனை நாவலிலிருந்து அனுப்பிவிட்டாள். ராணியே வில்லி. அந்தப் பிரதியை அச்செடுத்து வைத்திருந்தபோதுதான் உம்மாவின் கையில் அது அகப்பட்டது.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்து அழுதார். றினோஸா அறைக்குள் இருந்து ஓதாத துஆ இல்லை.

"மகள்."

"என்ன உம்மா?"

"இந்த ராணி எவ்வளவு பாவம்! பெத்த வயிறு என்ன பாடு படுது."

எழுதுகிறவள் மூச்சு விட்டாள். ஆனால் உம்மா முடிக்கவில்லை.

"ஒண்டு சொல்லவா? பத்தாம் அத்தியாயத்துல ராணி சத்தம் போடுறா. அது பிழை. நல்ல தாய் சத்தம் போடமாட்டா."

"அப்ப என்ன செய்வா?"

"'நீங்க சந்தோஷமா இருந்தாச் சரி மகள். நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன' என்டு சொல்லுவா. சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருவா."

றினோஸா மடிக்கணினியைத் திறந்து அப்படியே தட்டினாள். அப்படியொரு வசனம் அவளுக்குச் சாகும்வரை வந்திருக்காது.

அதற்குப் பிறகு உம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மீன் வெட்டிக்கொண்டே சொல்வார்: "ராணி சாப்பிடாம இருக்கணும். ஏன் சாப்பிடல்ல என்டு பிள்ள கேக்கணும். 'பசிக்கல்ல மகள்' என்டு மட்டும் சொல்லணும்." வில்லி அத்தியாயத்துக்கு அத்தியாயம் வளர்ந்தாள். தாயும் மகளும் இவ்வளவு மனம் விட்டுக் கதைத்து எத்தனையோ காலம். இது துரோகமா, கூட்டு முயற்சியா என்று எழுதுகிறவளுக்கு இன்றும் தெரியாது.

6

கொழும்பிலிருந்து பதிப்பாசிரியை அழைத்தபோது றினோஸா மாப் பிசைந்துகொண்டிருந்தாள். மாக் கையோடு போனைத் தொட்டதில் அது ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது.

"நாவலை எடுக்கிறோம். இங்கே சிறுவர் நூல் பிரிவில் உங்களுக்கு வேலையும் இருக்கிறது. ஆனால் அந்த வில்லி! அந்த அம்மா! நான் இரண்டு நாள் என் தாயின் போனை எடுக்கவில்லை. யாரைப் பார்த்து எழுதினீர்கள்?"

குசினியில் எல்லாரும் இருந்தார்கள். வாப்பாவின் பத்திரிகைகூடக் கொஞ்சம் கீழே இறங்கியது.

போன் வைத்தபிறகு உம்மா மெதுவாகக் கேட்டார்: "வில்லியா?"

"உம்மா..."

"சரி. நான் வில்லியாவே இருந்திட்டுப் போறன். நீங்க சந்தோஷமா இருந்தாச் –"

நின்றார். அது பத்தாம் அத்தியாயம்.

"எனக்கு என்ன? நான் இருந்தா என்ன, இல்லா –"

அதுவும் பத்தாம் அத்தியாயம்.

"எனக்குச் சோறு வேணாம், பசிக் –"

பன்னிரண்டு.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாப்பா சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, இருமினார். உம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் பத்திரிகை மறுபடி மேலே ஏறியது.

அந்த வாரம் முழுக்க வீடு அமைதியாகக் கிடந்தது. எது சொல்ல வாய் திறந்தாலும் அது நாவலில் இருந்தது. உம்மு ஹபீபா பாதி வசனங்களோடு வீட்டுக்குள் நடமாடினார். மகள் பை அடுக்குவதை வாசலில் நின்று பார்த்தார். கை எங்கே போவதென்று தெரியாமல், ஒரு சாறியை எடுத்து மடித்து, பைக்குள் வைத்தார்.

7

முடிவுகள்.

(அ) பஸ் நிலையத்தில் உம்மா மயங்கி விழுகிறார். றினோஸா திரும்பிவிடுகிறாள். (நடந்திருக்கலாம். நடக்கவில்லை.)

(ஆ) உம்மா மகளைக் கட்டிப்பிடித்து, "என்னை மன்னிச்சிருங்க" என்கிறார். (உம்மாவைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள்.)

(இ) நடந்தது. கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உம்மா வெகுநேரம் யோசித்தார், ஒவ்வொரு வசனமாக எடுத்துப் பார்த்துக் கீழே போடுகிறவர் மாதிரி. கடைசியில் சொன்னார்:

"பயமா இரிக்கி மகள். ஒங்களுக்கு ஏதும் ஆகிரும் என்டில்ல. நீங்க இல்லாம நான் என்ன செய்யப்போறன் என்டு."

நாவலில் இல்லாத வசனம். றினோஸா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். இது உண்மையா, இதுவரை வந்ததிலேயே கெட்டிக்காரத்தனமானதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கொண்டக்டர் கத்தினார். உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு ஏறினாள்.

கொழும்பில் கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது. நூரி மலை வாசலைத் தாண்டிவிட்டாள். பின்னால் ராணி. றினோஸா அந்தப் பஸ்ஸடி வசனத்தை ராணியின் வாயில் வைத்துத் தட்டினாள். தட்டி முடிக்கவும் உம்மாவின் போன் வந்தது. நலம் விசாரித்துக்கொண்டார்கள். வாப்பா இப்போது வீட்டிலும் கதைக்கிறாராம், ஆணியைப் பற்றி. பிறகு உம்மா கேட்டார்:

"நான் பஸ்ஸடியில சொன்னதப் போட்டீங்களா?"

"போடவா உம்மா?"

"போடுங்க. ஆனா அந்தப் பிள்ள ஒருக்காத் திரும்பிப் பாக்கணும்."

"பாத்தா நிண்டுருவாள் உம்மா."

"நிக்கச் சொல்லல்ல மகள். பாக்கத்தான் சொன்னன்."

பிரதி நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டும். நூரி வெளிச்சத்தில் நிற்கிறாள், தலைமயிரைக் காற்று கலைக்கிறது. எழுதுகிறவள் அவளைத் திருப்பியும் பார்த்தாள், திருப்பாமலும் பார்த்தாள். இரண்டு முறையும் அழித்துவிட்டாள். வாசிக்கிற நீங்களும் யாரோ ஒருவரின் பிள்ளைதான். நூரியின் கழுத்தை இனி உங்களிடம் விட்டுவிடுகிறாள். கால் மட்டும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும், அதில் கைவைக்க வேண்டாம்.