ரெண்டு விரல் அளவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சடை. பதினாலு வருஷமாக அந்தப் பெயர்தான். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கும் முடி, ஒரு கைப்பிடிக்குள் அடங்காத அடர்த்தி. பார்க்கிறவர்களுக்கு அது அழகு. அவளுக்கு அது இன்னொரு வேலை. தினமும் காலையில் அரைமணி நேரம் சிக்கெடுத்து, பின்னி, சுருட்டி, பத்துப் பன்னிரண்டு ஊசி குத்தித் தொப்பிக்குள் திணிக்க வேண்டும். படுக்கை விரிப்புகளை உள்ளே இழுத்துத் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரத்தில்தான் அவள் நிற்பது. ஒரு இழை வெளியே தெரிந்தாலும் மேற்பார்வையாளர் தாம்தூம் என்று குதிப்பார். எட்டு மணி நேரம் ஆவியில் வெந்த தலையை அலசினால், காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தீராத கழுத்துவலி வேறு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "அந்த முடியைக் கொஞ்சம் குறைச்சா என்னம்மா?" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினாள். தோள் வரைக்கும். அதுவும் சும்மா தோன்றியதல்ல. காதோரம் வரை ஏற்றிவிட்டால் வேலையில் கட்ட வராது, முகத்தில் விழும். முதுகு வரை விட்டால் வெட்டியும் பிரயோஜனமில்லை. தோளைத் தொட்டும் தொடாமலும் நின்றால் ஒரே ரப்பர் பேண்டில் அடங்கும், சட்டென்று காயும், லீவு நாளில் விரித்தும் விடலாம். தன் முகம் மாதிரி வட்ட முகம் இருக்கிறவர்களாகப் பார்த்து ஏழெட்டுப் படம் ஃபோனில் சேர்த்து வைத்தாள்.

புருஷன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். ஊருக்கெல்லாம் மாஸ்டர். நாலு பேர் கூடின இடத்தில் "இந்த முடியைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன்" என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் பயந்து பயந்துதான் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் தலை, உன் இஷ்டம்" என்றார். இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

ரெண்டு தெரு தள்ளி இருந்த பார்லருக்குப் போனாள். பார்லர்க்காரி தெரிந்தவள்தான், அக்கா அக்கா என்று உருகுவாள். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, உங்களுக்கு அடர்த்தி ஜாஸ்தி. திடீர்னு தோளுக்கு ஏத்தினா குடை மாதிரி விரிஞ்சு நிக்கும். படிப்படியாப் போலாம்."

ரெண்டு விரல் அளவு வெட்டி அனுப்பினாள். தொழில் தெரிந்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று சடை தலையாட்டிவிட்டு வந்தாள். ஆறு வாரம் கழித்துப் போனபோது, "நுனி வெடிச்சிருக்கு, இதைச் சரி பண்ணிட்டு அடுத்த தடவை தோளுக்கு ஏத்திடலாம்" என்று மறுபடியும் ரெண்டு விரல். அந்த ஆறு வாரத்தில் வளர்ந்ததே அவ்வளவுதான் இருக்கும். வீட்டில் மாஸ்டர் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "அவ சொல்றதும் நியாயம்தானே?" என்றார்.

மூன்றாவது தடவை, ஒரு சனிக்கிழமை காலை. தலையை அலசிவிட்டு, கழுத்தில் துணியைக் கட்டி, பார்லர்க்காரி அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருத்திக்குப் பாதிச் சாயம் பூசியிருந்தது. சோபாவில் இன்னொருத்தி புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள். மீதியைப் பூசிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த பார்லர்க்காரியின் ஃபோன் அடித்தது. ஏதோ ஆபீஸ் நம்பர், யாரென்று தெரியவில்லை. கையுறை முழுக்கக் கறுப்பு. சுண்டுவிரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, வந்துட்டாளா?" மாஸ்டர் குரல். "பழையபடிதான். ரெண்டு விரலுக்கு மேல கத்தரி போகக் கூடாது. கேட்டா ஏதாவது கதை சொல்லி அனுப்பிடு. நம்பிடுவா."

பார்லர்க்காரி பாய்ந்து ஃபோனை அணைத்தாள். திரையெல்லாம் சாயம் அப்பியது. சோபாவில் இருந்தவள் புத்தகத்துக்குப் பின்னால் களுக்கென்று சிரித்தாள்.

சடைக்குக் காதுமடல் ரெண்டும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தடுத்ததுகூட அப்புறம்தான். நம்பிடுவா என்றாரே, அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் தடவையிலேர்ந்தே அக்கா. நீங்க வீட்டுலேர்ந்து கிளம்பின கையோட ஃபோன் பண்ணிடுவாரு. மாஸ்டர்தான் எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தாரு. எப்படி மறுக்கறது, சொல்லுங்க? நாளைக்கு உங்க வீட்டுல சண்டை வந்தா என் கடைமேலதானே பழி?"

"உன் லைசென்ஸ் அவர் கொடுத்தாரு, சரி. என் தலைக்கும் அவர்கிட்டதான் லைசென்ஸ் வாங்கணுமா?"

"கோபப்படாதீங்கக்கா. இப்பவே தோள் வரைக்கும் வெட்டித் தர்றேன். உக்காருங்க."

"குடை மாதிரி விரியும்னியே?"

பார்லர்க்காரி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"உன் கத்தரி இனிமே என் தலையில படக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் துணியை அவிழ்த்து நாற்காலியில் வீசினாள் சடை. ஈர முடி முதுகை நனைக்க, அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மூஞ்சி அப்படி இருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே, கடைகள் நிறைந்த கட்டடத்தின் மாடியில் ஒரு பார்லர் கண்ணில் பட்டது. ஏறிவிட்டாள். அங்கே இருந்தவளுக்கு ஏழு மாதமோ எட்டு மாதமோ, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரைச் சுற்றி உருண்டு உருண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். சடையின் முறை வந்ததும் முடியைக் கையில் அள்ளி எடை பார்க்கிற மாதிரி தூக்கினாள்.

"காலையில தலைக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குவீங்க?"

"அஞ்சு."

"வேலையில கட்டணுமா?"

"தொப்பிக்குள்ள போகணும். ஒரு இழை வெளிய தெரியக் கூடாது."

"அப்போ முன்பக்கம் ரொம்பக் குட்டையா வேணாம், நழுவி விழும். தாடைக்குக் கீழேயிருந்து படிப்படியா இறக்கி, பின்னாடி தோள்ல நிறுத்தலாம். உள்பக்கம் அடர்த்தியைக் குறைச்சிட்டா விரியாது."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் கேட்டீர்களா, அப்புறம் வருத்தப்பட மாட்டீர்களே, ஒன்றும் கிடையாது. நாலாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். முதல் வெட்டில் முழங்கை நீளத்துக்குச் சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. அழுகை வரும் என்று சடை எதிர்பார்த்தாள், வரவில்லை. உள்ளே கோபம் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

"பல்லைக் கடிக்காதீங்க" என்றாள் ஸ்டூலில் இருந்தவள். "தாடை அசையுது. அளவு தப்பிடும்."

முடிந்ததும் சடை தலையை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. இத்தனை வருஷமாகப் பின்னால் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது விட்டுப் போன மாதிரி இருந்தது. "ஈரமா இருக்கும்போது துண்டால அரக்கித் தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க. அதுக்கு மேல விட்டா தோள்ல இடிச்சு வெளிப்பக்கம் மடங்கிக்கும்" என்று ஸ்டூலில் இருந்தவள் சொல்லி அனுப்பினாள்.

மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல?"

"சொல்லலையா? 'உன் தலை, உன் இஷ்டம்'னு யாரு சொன்னது? நீதானே?"

அவரிடம் அவள் 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. ரெண்டு பேருக்குமே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் திருத்திக்கொள்ளவில்லை.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அதோட போயிருக்கும். கடைக்காரிகிட்ட சொல்லி என்னை முட்டாளாக்கி, மூணு மாசம் நடக்க விட்டு வேடிக்கை பார்த்தியே? கதை சொன்னா நம்பிடுவேனா நான்?"

"அது உன்மேல இருக்கிற ஆசையிலதான்…"

"ஆசை என்மேலயா, முடிமேலயா?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் போய்க் கெஞ்சவில்லை. சலவைக்கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "இனிமே உன்னை என்னன்னு கூப்பிடுறது, அரைச்சடைன்னா?" என்று ஒருத்தி கேட்டதற்கு ஒரே சிரிப்பு. மேற்பார்வையாளர்கூடச் சிரித்தார்.

பத்தாவது நாள் நாத்தனார் வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள். கூடத்தில் உறவெல்லாம் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடி ஆத்தீ! பத்து வயசு குறைஞ்சு போச்சே உனக்கு! யாரு கொடுத்த யோசனை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நான்தான் சொன்னேன்" என்றார். "எத்தனை நாளைக்கு அந்தப் பாரத்தைச் சுமப்பே, வெட்டித் தள்ளுன்னேன். இவதான் தயங்கினா."

சடை கத்தவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, நடந்ததைச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். கழுத்துவலியிலிருந்து ஸ்பீக்கர் ஃபோன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நம்பிடுவா என்றதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். மாஸ்டரின் முகம் வெளுத்தது. நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்து, "வெக்கமா இல்லை உனக்கு?" என்றாள். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார்.

திரும்பும்போது காரில் அவள் ஜன்னலை இறக்கிவிட்டாள். காற்றில் முடி முகமெல்லாம் பறந்தது. மாஸ்டர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை ஏற்றினார்.

"முடி கலையுது."

அவள் மறுபடி இறக்கினாள்.

கொஞ்ச தூரம் போனதும், "எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குரல் உடைந்திருந்தது.

"நீ சொன்னப்போவும் கடையில ஆளுங்க இருந்தாங்க. ஒருத்தி சிரிச்சா."

அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். சிக்னலில் வண்டி நின்றபோது, "தப்புதான்" என்றார். அது அவள் காதில் விழுந்தது. ஆனால் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கண்ணாடி இறங்கியபடியேதான் இருந்தது. வீடு வரைக்கும் அவர் அந்தப் பொத்தானைத் தொடவில்லை.