வசனத்தின் முன்பாதி

1

வெள்ளி மாலை நான்கு மணியிலிருந்து ஞாயிறு மதியம் பன்னிரண்டு வரை நாற்பத்து நான்கு மணி நேரம். இந்தக் கதை அதற்குள் நடந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சபையிடமும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

ஞாயிறன்று வாக்கெடுப்பு. ஜூன் மாதம் எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம் நடக்கலாமா, கூடாதா? பெண் வெள்ளைக்காரி. பையன் கறுப்பன். இதற்கு மிசிசிப்பியில் கைதூக்கச் சொல்கிறார்கள்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கரோலின் அந்தச் சபையிலேயே வளர்ந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, அந்தச் சபையாலேயே…'

(நிறுத்திவிட்டேன். கரோலின் என்று யாருமில்லை. அந்தப் பெண், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் லெட்டா, நான்தான். படர்க்கையில் ஒளிந்துகொள்ள எனக்கு எப்போதும் ஆசை.)

பையன் பெயர் தெரான். எனக்கு அடுத்த மேசை. ஞாயிறு காலை காரில் அவன்:

"லேப்ல எங்கிட்ட வாயத் திறக்கவே உனக்கு ஏழு மாசம் ஆச்சு. இன்னிக்கு இருநூறு பேர் முன்னாடி பேசப்போறியாக்கும்?"

"நீ மட்டும் என்ன? ஏழு மாசமும் குளோரின் அளவைப் பத்தியே பேசின."

"வேற எதைப் பேசியிருந்தாலும் நீ ஓடியிருப்ப."

என் அம்மா பின்சீட்டிலிருந்து: "சர்ச்சு எதுக்குடி? ஏரிக்கரையில வச்சுக்கலாம். போட்டோவாவது நல்லா வரும்."

அம்மாவுக்கும் வெள்ளிக்கிழமை பற்றித் தெரியாது.

3

பிரதர் ஹாய்ல்தான் எனக்குப் பிடிபடவில்லை. சபை மூப்பர். முதல் பிரதியில் வில்லனாக்கிப் பார்த்தேன்: தடித்த கழுத்து, சிவந்த… வேண்டாம். அப்பா இறந்த கோடையில் எங்கள் வீட்டுப் புல்லை வாராவாரம் வெட்டியவர் அவர்.

எனக்கு வேதப் போட்டி பழக்கியவரும் அவரே. (பிள்ளைகள் வரிசையாக நிற்போம். அவர் பாதி வசனம் சொல்வார். மீதி தெரிந்தவர் பத்து நொடிக்குள் ஓரடி முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொன்னதும் 'சரி' என்று கையிலுள்ள ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி நிறுத்துவார். முன்னால் வராமல் சொன்னால் செல்லாது. கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? எப்போது பேசலாம் என்பதற்கே ஒரு விதி.)

4

ஆராதனை முடிந்ததும் ஹாய்ல் எழுந்தார்.

"தெரான் தங்கமான பையன். அவன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா ஜனங்களுக்கு எல்லை குறிச்சவர் கர்த்தர். அப்போஸ்தலர் பதினேழு, இருபத்தாறு. அதை அழிக்க நாம யாரு?"

பின்வரிசையில் ஓர் ஆமென்.

மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்தான். அதைப் பழித்த அவன் அக்காவுக்குத்தான் குஷ்டம் வந்தது, அவனுக்கு அல்ல. அந்நியரோடு ஒரே நுகத்தில் பிணையாதே என்று பவுல் சொன்னது விசுவாசத்தை வைத்து; தோலை வைத்து அல்ல. தெரானோ என்னைவிட நன்றாக ஜெபிப்பவன். இதையெல்லாம் ஏன் ஒருவரும் எழுந்து சொல்லவில்லை? எல்லாரும் அதே வேதத்தைத்தான் மடியில் வைத்திருந்தார்கள்.

5

முடிவு ஒன்று: அவள் அழுதபடி வெளியேறுகிறாள். (மாட்டேன்.)

முடிவு இரண்டு: ஹாய்ல் கண்கலங்கித் தெரானைக் கட்டித் தழுவி… (அவர் செய்யாததை அவர்மேல் ஏற்ற மாட்டேன்.)

கடைசியில் எத்தனை கைகள் உயர்ந்தன? நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், உங்கள் கையையும் சேர்த்து. நான் எழுதப்போவது இதை மட்டும்தான்.

எழுந்தேன். பெஞ்சைவிட்டு ஓரடி முன்னால் வந்தேன்.

"எல்லைங்கறது அந்த வசனத்தோட பின்பாதி, பிரதர் ஹாய்ல். முன்பாதி: ஒரே ரத்தத்துலேர்ந்துதான் எல்லா ஜனத்தையும் உண்டாக்கினார்."

"சரி," என்றார் அவர். பழக்கதோஷம். கையில் இல்லாத ஸ்டாப்வாட்ச்சைக் கட்டைவிரல் அழுத்தியது. யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"கை தூக்கணும்னா தூக்குங்க. ஆனா கல்யாணம் நடக்கலாமான்னு கேக்காதீங்க. கர்த்தர் சேர்த்ததைப் பிரிக்கலாமான்னு கேளுங்க."

"லெட்டா… என்னம்மா சொல்ற?" என்றார் ஹாய்ல்.

இன்னும் ஓரடி வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, கோர்ட்டுல, எனக்கும் தெரானுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு."