ரோவீனாவின் டயர்கள்

ரோவீனாவின் வலது பின் டயரில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது. நானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் என் கணவன் டெல்மர் ஒட்டிவைத்திருந்த சின்னத் திரை சொல்லும். டயர் வால்வின் தலையில் ஒரு மூடியைத் திருகிவிட்டால் போதும், உள்ளே இருக்கும் காற்றையும் சூட்டையும் அது அந்தத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று இறங்கினால் திரை கத்தும். எங்கள் டிரெய்லருக்கு நாலு மூடி, அவள் டிரெய்லருக்கு நாலு மூடி. ஏ என்று போட்டு நாலு எண் வரும், கொஞ்ச நேரத்தில் பி என்று போட்டு நாலு எண் வரும். பி வந்தால் டெல்மரின் புருவம் சுருங்கும். அதை வைத்தே பி யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரியில் எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தது. நானாகச் சொன்ன பிறகுதான் அவனுக்கு அது தெரிந்தது.

டெல்மர் நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தான். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பிக்கப்பில் மாட்டி இழுத்துப் போகிற வீடான இந்த டிரெய்லரை வாங்கினோம். பனி விழ ஆரம்பித்தால் அரிசோனா பாலைவனம், வெயில் ஏற ஆரம்பித்தால் மறுபடி வடக்கே. அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற ஊரில் எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி ரோவீனாவும் அவள் கணவன் கர்ட்டும் வண்டியை நிறுத்துவார்கள். கர்ட் போன வருஷம் செத்துப்போனான். ரோவீனா டிரெய்லரை விற்றுவிட்டு மகளிடம் போவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவளோ தானே இழுத்து ஓட்டக் கற்றுக்கொண்டு, நவம்பரில் அயோவாவிலிருந்து தனியாக வந்து இறங்கினாள்.

அவளுக்கு எழுபத்தொரு வயது. என்னைவிட நாலு வயது மூத்தவள். முழங்கால் இரண்டும் போய்விட்டது, தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். அழகாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருப்பேன். இந்த மாதிரி ஒருத்தியைப் பார்த்து எரிச்சல்படுகிறேன் என்று வெளியில் சொன்னால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அதனால் உள்ளேயே வைத்து எரிந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரு டயரில்தான் தொடங்கியது. வந்த மூன்றாம் வாரமே, டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனபோது பிளைத் ஊர்ப் பக்கத்தில் அவள் டயர் ஒன்று வெடித்தது. டிரெய்லரோடு கம்பெனி போட்டுத்தருகிற டயர்களை எங்களைப் போல டிரெய்லரில் சுற்றுகிற ஆட்கள் வெடிகுண்டு என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் புதுசாக இருக்கும், நடுச்சாலையில் கிழிந்து பறக்கும். டெல்மர் போய் மாற்றிக் கொடுத்தான். நாலையும் தூக்கி எறியச் சொன்னான். கனமான டயர்களைத் தேர்ந்தெடுக்க யூமாவுக்கு அவளோடு ஒரு நாள் போய்விட்டு வந்தான். டயர் கடையில் ஒரு நாள் முழுக்க என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

"நம்மளது மட்டும் என்ன? அதுக்கும் ஆறு வருஷம் ஆகுதே, மாத்த வேணாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் ஒரு சீசன் ஓடும் நடீன். நான்தான் கண்ணு வச்சுக்கிட்டே இருக்கேனே."

கண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் பத்தாம் தேதி வடக்கே கிளம்பினோம். நாங்கள் முன்னால், ரோவீனா பின்னால். பக்கக் கண்ணாடியில் அவள் வண்டி சிறுத்தால் டெல்மர் வேகத்தைக் குறைப்பான். முப்பத்தெட்டு வருஷமாகக் கடைவீதியில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன்.

வாக்கிடாக்கியில் பேச்சு வேறு.

"டெல்மர், எனக்கு முன்னாடி பன்னி ஏத்திட்டு ஒரு லாரி போகுதுங்க. அயோவா வாசனை. இப்பவே ஊருக்கு வந்த மாதிரி இருக்கு."

டெல்மர் விழுந்து விழுந்து சிரித்தான். இதே பன்றியை நான் சொல்லியிருந்தால் ஜன்னலை ஏற்று என்றிருப்பான்.

பத்தரை மணிக்கு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினோம். அப்போதே வெயில் தொண்ணூற்றெட்டு டிகிரி பாரன்ஹீட். நின்றதும் இறங்கி டிரெய்லரைச் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். டெல்மர் இறங்கி நேராக ரோவீனாவின் டிரெய்லருக்குப் போனான். குனிந்து நாலு டயரையும் தொட்டான். அவள் படியில் உட்கார்ந்து பேரீச்சம்பழ ரொட்டியை வெட்டி ஒரு துண்டை நீட்டினாள். அவன் கை கறுப்பாக இருந்ததால் வாயைத் திறந்து காட்டினான். அவளும் ஊட்டிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, பட்டப்பகலில், நூறு பேர் நடமாடுகிற இடத்தில்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பி வந்தது. வலது பின் டயர், எண்பத்தொரு பவுண்டு. ஒரு பட்டனை அமுக்கினேன். எந்த வண்டியை அழிக்க வேண்டும் என்று கேட்டது. பி என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். நாலு எண்ணும் போயின. எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நடீன், உங்களுக்கு ரெண்டு துண்டு வச்சிருக்கேன்."

ரோவீனா ஜன்னலில் நின்றாள். என் விரல் இன்னும் திரையின் மேலேயே இருந்தது. அவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரொட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

டெல்மர் எங்கள் டயர்களையும் அவசரமாகத் தொட்டுவிட்டு ஏறினான். சாலையில் சேர்ந்து நாலைந்து மைல் போனதும் திரையைத் தட்டினான்.

"என்னாச்சு இதுக்கு? ஏ-லயே நிக்குது."

"வெயில்ல மக்கர் பண்ணுது. அடுத்த நிறுத்தத்துல பாரு."

"இல்ல, ஓரங்கட்டிப் பாத்துடறேன்."

"இந்த லாரிக் கூட்டத்துலயா? டொனோபால பாத்துக்கலாம். அவ டயர் புதுசுதானே, என்ன ஆயிடப்போகுது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவள் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் ஒரு பெரிய லாரி பக்கத்தில் வந்துவிட்டது, சாலையைப் பார்த்தான்.

பத்து நிமிஷம் இருக்கும். வாக்கிடாக்கி அலறியது.

"டெல்மர்! உங்க வலது பின் டயர் சப்பையா ஓடுது! பொகை வருது, ஓரங்கட்டுங்க, உடனே!"

அவன் கை திரும்புவதற்குள் வெடித்தது. டிரெய்லர் எங்களைப் பின்னாலிருந்து பிடித்து இடதுபக்கம் இழுத்தது, பிறகு வலதுபக்கம். என் பக்க ஜன்னலில் பாலைவனம் வந்தது, அடுத்து ஒரு லாரியின் முகம் வந்தது. டெல்மர் பிரேக்கைத் தொடவில்லை. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.  

இறங்கிப் பார்த்தோம். டயரின் தோல் மொத்தமாக உரிந்து, சக்கரத்தோடு சுற்றி அடித்து, மேல்தகட்டைக் கிழித்திருந்தது. கேஸ் குழாய்க்கு நாலு விரல் தள்ளி டிரெய்லரின் அடித்தளத்தில் ஓட்டை. ரோவீனா தன் வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். டெல்மர் திரையைப் பிடுங்கி வந்து பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பி-யைக் காணோம். கத்தியிருக்கணுமே, ஏன் கத்தலன்னு பாத்தா, நம்ம வண்டியே இதுல இல்ல."

"நம்மளது ஏ தானே?" என்று என் வாய் முந்திக்கொண்டது.

"நம்மளது பி. நவம்பர்ல எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தினேன். ரோவீனாவோடது முதல்ல கைக்கு வந்துச்சு, ஏ-ல போட்டேன். நம்மளது பழைய டயராச்சே, பி-யத்தான் நான் பாத்துக்கிட்டே..." அவன் நிறுத்தினான். மெதுவாக என் பக்கம் திரும்பினான். "உனக்கு எதுக்கு அந்தக் கேள்வி?"

மெஷினில்கூட அவள்தான் முதலில் இருந்திருக்கிறாள். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் உறைத்தது, பாருங்கள். குளிர்காலம் முழுக்க நான் கரித்துக்கொட்டியது எங்கள் டயர்களைத்தான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"நான்தான் டெல்மர்," என்றாள் ரோவீனா. "ரொட்டி குடுக்க வந்தப்ப ஜன்னல் வழியா கைய விட்டேன். எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன் போல. மன்னிச்சுக்குங்க."

டெல்மரின் முகம் தளர்ந்தது.

"அட, விடுங்க ரோவீனா. யாருக்கும் நடக்கறதுதான். நீங்க மட்டும் பாத்துச் சொல்லலேன்னா எங்க கதை முடிஞ்சிருக்கும்." அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரெய்லர் படியை மடக்க நான் மறந்து, அமரில்லோவில் பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு கம்பத்தில் இடித்து அது பிய்ந்துபோனது. நாலு நாள் அவன் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டினான். இவள் எங்கள் உயிரையே அழித்தேன் என்கிறாள், தோளில் தட்டு கிடைக்கிறது.

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தத் தட்டை என்னால் தாங்க முடியவில்லை. நேர்மையால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். திட்டாவது எனக்கு வரட்டும் என்றுதான் சொன்னேன்.

"அவ பொய் சொல்றா. நான்தான் அழிச்சேன்."

"எதுக்கு?"

"அவளோட டயர்னு நெனச்சு."

டெல்மருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கழுத்து நரம்பு புடைத்தது.

"அவ தனியா ஓட்டறா நடீன்! அவளுக்கு வெடிச்சிருந்தா? அவ உனக்கு என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. ரொம்ப நல்லவ. அதுதான் என்னால முடியல."

"எது முடியல?"

"நீ அவ கூட சிரிக்கிறது."

ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"என்னது?"

"நீ அவ கூட சிரிக்கிறது!" என்று கத்தினேன். அரிசோனா முழுக்கக் கேட்டிருக்கும்.

ரோவீனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெல்மர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிழிந்த டயரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவகிட்ட பேசினா லேசா இருக்கு நடீன். வேற ஒண்ணும் இல்ல. உன்கிட்ட பேசறப்ப நான் ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கற மாதிரியே இருக்கு."

வேறு ஒன்றும் இல்லை என்கிறான். வேறு ஏதாவது இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இதை எங்கே போட்டு உடைப்பது? எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

ஸ்டெப்னியை இறக்கினால் அதுவும் வெடிப்பு விட்டிருந்தது. ரோவீனா போய்த் தன்னுடையதை உருட்டிக்கொண்டு வந்தாள். ஜாக்கி மணலில் புதைந்தது. இரட்டை அச்சு வண்டியில் அதற்கு ஒரு வழி உண்டு. நல்ல டயரைப் பலகைகள்மேல் ஏற்றிவிட்டால் கெட்ட டயர் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஒருவர் இழுத்து ஏற்ற வேண்டும், ஒருவர் கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஒரு சாண் கூடினால் வண்டி பலகையைத் தாண்டி இறங்கிவிடும், குனிந்திருப்பவன் பாடு அவ்வளவுதான்.

டெல்மர் பலகைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தான். சாவியை ரோவீனா பக்கம் நீட்டினான்.

"நான் ஓட்டறேன்," என்றேன்.

"உனக்குப் பழக்கம் இல்லையே."

"கர்ட் சாகற வரைக்கும் அவளுக்கும்தான் பழக்கம் இல்ல."

 சொன்னது எனக்கே பயமாக இருந்தது. டெல்மர் என் முகத்தை நேராகப் பார்த்தான், நெடுநேரம் பார்த்தான். பிறகு சாவியை என் கையில் வைத்தான்.

"நான் கத்தினா நிறுத்தணும். அந்த நொடியே."

"சரி."

ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவன் மண்டியிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோவது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் ரோவீனா நின்றாள். காலை மெல்ல வைத்தேன். வண்டி முனகியது.

"வா... வா... இன்னும் ஒரு சாண்... மெதுவா... நிறுத்து!"

நிறுத்தினேன். டிரெய்லர் ஒருமுறை அசைந்து நின்றது. கண்ணாடியில் அவன் கட்டைவிரல் மட்டும் உயர்ந்தது. கைப்பிரேக் போட்டேன், ஆனாலும் காலை எடுக்க மனம் வரவில்லை. நட்டுகள் கழலும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், தொடை மரத்துப்போனது. பின்னால் ரோவீனா தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். டெல்மர் சிரித்தான். நான் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.