மனு கொடுத்த படம்

'இப்போ எடு' என்று இந்த மனிதர் இன்னும் ஒரு தரம் சொன்னால் கேமராவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான்.

காலையிலிருந்து சுலோசனா இப்படி நினைப்பது நாலாவது தரம். வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்த மனிதர், நாராயணசாமி, அவள் கணவனின் அண்ணன். விஜயபுரத்து எல்லைக் கமிட்டியின் காரியதரிசி. ஊர் ஆந்திராவோடு இருப்பதா, சென்னை ராஜ்யத்தோடு சேர்வதா என்று விசாரிக்க அன்று ஓர் அதிகாரி வருகிறார். ஊர்ப் பெண்கள் அவரிடம் மனு கொடுப்பதைப் படம் எடுக்கவேண்டும். ஆண் போட்டோக்காரன் என்றால் முந்தானைக்குள் முகம் போய்விடும் என்று திருப்பதி ஸ்டூடியோவிலிருந்து அவளை வரவழைத்திருந்தார். கேமராவோடு அவள் வெளியே வருவது இது மூன்றாவது முறைதான். அதற்கும் தம்பியிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவர் அவரே. அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கேமராவைக் கண்டால், மலையில் மொட்டையடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வரும் குடும்பங்களைப் போல, ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பேச்சு நிற்கும், கை நிற்கும். அதனால் பிலிம் மாட்டும் முன்பே வெறும் கேமராவைப் படம் எடுப்பதுபோல நாலைந்து தரம் தட்டினாள். பெண்களுக்கு அலுத்துப்போய் அவரவர் கதைக்குத் திரும்பினார்கள். அதிகாரியின் நாற்காலியிலிருந்து எட்டடி அளந்து, அந்தத் தூரத்துக்குக் கேமராவின் கண்ணாடியைத் திருகி வைத்தாள். வெயிலை முதுகில் வாங்கி நின்றாள். அவளுடையது வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. எடுப்பது யாருக்கும் தெரியாது. இத்தனையையும் கெடுக்க ஒருவர் போதும்.

"எல்லாரும் கேமராவ பாருங்க!" என்றார் நாராயணசாமி.

"அத்தத்தான் சொல்லாதீங்கன்றேன் மாமா. குறுக்கால நிக்காதீங்க."

"நான் எங்க குறுக்கால நின்னேன்?"

"பாவம், விடும்மா," என்றாள் பெண்களில் ஒருத்தி, வெங்கடம்மா. "படத்துல விழணும்னுதான் சவரம் பண்ணிக்கினு வந்துகீறாரு."

ஜீப் வந்தது. அதிகாரி உட்கார்ந்தார். மனு கொடுக்கவேண்டியவள் கிருஷ்ணம்மா. 'நாங்க மெட்ராஸோட சேரணும்' என்று நாலு நாளாய் அவளுக்குப் பாடம் நடந்திருந்தது. அவள் காகிதத்தை நீட்டவேயில்லை. விரலை நீட்டினாள்.

"சாரு, என் பொண்ண திருத்தணில குடுத்துகீறேன். நடுவுல கோடு போட்டுட்டீங்கன்னா, அவ பிரசவத்துக்கு நான் அரிசி எடுத்துக்கினு போவ பர்மிட்டு கேப்பீங்களா? செப்பண்டி சாரு, சொல்லுங்க!"

அதிகாரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். நாராயணசாமி பதறி அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். குனிந்தபடியே சுலோசனா பொத்தானை அழுத்தினாள். நீட்டிய விரல், நிமிர்ந்த தலை, இழுக்கிற கை, மூன்றும் படத்தில் விழுந்துவிட்டன.

அதிகாரி நோட்டை மூடிவிட்டு எழுந்தார். மனுவை அவருடைய குமாஸ்தா வாங்கிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

"மனு குடுக்கறத எடுத்தியா?"

"நடந்தத எடுத்தேன் மாமா."

நாராயணசாமியின் முகம் கறுத்தது. ஆனால் அசரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் கோவர்த்தனனுக்கு கோட்டு ஒன்றை மாட்டி, அதிகாரி போல அதே நாற்காலியில் உட்காரவைத்தார்.

"முதுகுதான தெரியப்போவுது. கிருஷ்ணம்மா, வா, ஒரு வெறும் பேப்பர குடு. சாயங்கால வண்டில மெட்ராஸ் பத்திரிகைக்குப் போவணும்."

"குடு ஆத்தா," என்றார் வாத்தியார். "ஸ்கூலுக்குக் கூரை வேணும்னும் அதுலயே எழுதிடு, நானே சாங்ஷன் பண்ணிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. "நான் கேட்டதுக்கு இவரா பதிலு சொல்வாரு?" என்றாள்.

சுலோசனாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஸ்டூடியோவில் அவளும்தான் துணியில் எழுதிய கோபுரத்துக்கு முன்னால் ஆட்களை நிறுத்துகிறாள். அங்கே உறுத்தாதது இங்கே ஏன் உறுத்துகிறது? அது துணி என்று நிற்கிறவனுக்கும் தெரியும், படத்தைப் பார்க்கிறவனுக்கும் தெரியும். இந்தப் படம் பத்திரிகையில் வந்தால் கிருஷ்ணம்மா ஒன்றும் கேட்கவேயில்லை என்று ஆகிவிடும்.

"எடும்மா. பிலிம் பாக்கி இருக்குதில்ல?"

"இருக்குது."

"அப்புறம் இன்னா? இத்த எடுக்கலன்னா கேமராவோட வாசப்படி தாண்டற பேச்சே இனிமே கெடையாது. தம்பிகிட்ட சொல்லிடுவேன்."

சொல்வார். தம்பியும் கேட்பார். திருச்சானூரில் அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள், அதுவும் போகும்.

கேமராவைத் தோல் உறைக்குள் இறக்கிப் பொத்தானை மாட்டினாள்.

"வேணாம் மாமா," என்றாள், பக்கத்தில் நின்ற வெங்கடம்மாவுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில். "இத்த நான் எடுக்கல."